குடும்பப் பழக்கம் வகுப்பறையில் எங்கே தலைகாட்டும்?

ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் வளர்ந்த குடும்பச் சூழல் நாளைக்கு என் வகுப்பறையில் எப்படி வெளிப்படும் என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒழுக்கம், உழைப்பு, மரியாதை தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. என்ன எழுதலாம்?"

முதலில் அந்த மூன்றையும் அடித்துவிடுங்கள். அதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள், படிப்பவருக்கும் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை. வீட்டில் யோசிக்காமலே செய்து பழகியவற்றைத் தேடுங்கள். யார் யாரை இடைமறிக்கலாம், தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களா திருத்துவார்களா, ஒருவர் பேசாமல் இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள், இப்படி.

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவோம். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால்தான் "என்ன, கோபமா?" என்று கேட்பார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டபின் வரும் அமைதி இருக்கிறதே, அது தாங்காது. உடனே கேள்வியை வேறு மாதிரி கேட்கத் தோன்றும், இல்லையென்றால் பதிலையே சொல்லிவிடத் தோன்றும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் இதைத்தான் அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, யாரும் கேட்காமலேயே தாங்களாகப் பேசும் பிள்ளைகளும் அதிகமானார்கள். அதனால் நான் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்து மனசுக்குள் எண்ணுவேன். இன்றைக்கும் எண்ணித்தான் ஆகவேண்டியிருக்கிறது! என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அதிகம் பேசாத வீட்டில் வளர்ந்தவர். அவருக்குக் காத்திருப்பது தானாகவே வருகிறது, ஆனால் குழுவாக உட்கார்ந்து பிள்ளைகள் உற்சாகத்தில் கத்தினால் அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

கேள்வி கேட்கும் விதமும் வீட்டிலிருந்து வருவதுதான். அமெரிக்காவின் கரோலினா பகுதியில் ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற ஆய்வாளர் பல வருடங்கள் குடும்பங்களோடு பழகி, பேச்சைக் கவனித்து, 1983இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அங்கே ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், பதில் தெரிந்த கேள்வியைப் பெரியவர்கள் குழந்தைகளிடம் அவ்வளவாகக் கேட்பதில்லை; "இது எது மாதிரி இருக்கிறது?" என்பது போலத்தான் கேட்பார்கள். பள்ளியிலோ "இது என்ன நிறம்?" வகைக் கேள்விகள். ஆசிரியைக்குக் கண் தெரியும், நிறம் தெரியும், பிறகு எதற்குக் கேட்கிறார்? குழந்தைகள் விழித்தார்கள். அதே ஊர் ஆசிரியர்கள் சொந்தப் பிள்ளைகளிடம் வீட்டில் பேசுவதையும் ஹீத் பார்த்தார்; அங்கேயும் அதே வகைக் கேள்விகள்தான் கொட்டின. அதாவது அந்த ஆசிரியர்கள் தங்கள் வீட்டுப் பேச்சையே வகுப்பிலும் பேசிக்கொண்டிருந்தார்கள், அதில் விசேஷமாக எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. இது தெரிந்த பிறகு சிலர், குழந்தைகளுக்குப் பழக்கமான கேள்விகளையும் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள், பேசாத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். உங்கள் கட்டுரைக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எல்லாப் பழியையும் வீட்டின் மேல் போடவும் வேண்டாம். மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பல்லாயிரம் மணி நேரம் பார்த்ததே ஒரு பயிற்சி என்று டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இலேயே எழுதிவிட்டார். உங்களுக்குள் இருக்கும் கண்டிப்பு அப்பாவுடையதா, ஏழாம் வகுப்பு ஆசிரியருடையதா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்தான். சரி, கலந்தே இருக்கட்டும், அப்படியே எழுதுங்கள்.

செய்முறையாக ஒன்று: பயிற்சிப் பாடம் எடுக்கும்போது, அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடுங்கள், அப்போது எல்லாரும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடிதான் பேசுவோம். களைத்துப்போன கடைசிப் பகுதியைக் கேளுங்கள். தவறான பதிலுக்கு நீங்கள் "ம்ஹும்" என்று சொல்லும் தொனி யாருடையது என்று சட்டென்று பிடிபடும். அந்த ஒன்றை வைத்தே இரண்டு பக்கம் எழுதலாம். அப்புறம், கூடப் பிறந்தவர்கள் இருந்தால் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் காட்டுங்கள். "நம்ம வீட்டில் எங்கே இப்படி நடந்தது?" என்று சண்டைக்கு வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.