பழைய ஹிமாலயனா, புதிய எக்ஸ்பல்ஸா? எடையையும் ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள்

அந்தியூர் வாசகர் ஒருவர், பர்கூர் மலைச் சாலையிலும் அதிலிருந்து பிரியும் கரடுமுரடான ஊர்ப் பாதைகளிலும் ஓட்ட இலகுவான வண்டி வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவருடைய உயரம் 5 அடி 4 அங்குலம், கையிருப்பு 1.75 லட்சம் ரூபாய். ஹீரோ நிறுவனத்தின் புதிய எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியில் உட்கார்ந்தபோது பாதம் முழுதாக ஊன்றவில்லையாம். அதனால், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர் ஒருவர் காட்டும் கர்நாடகப் பதிவுள்ள 2019ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411ஐ முன்பணம் கொடுத்து எடுக்கலாமா என்று கேட்கிறார்.

எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். எக்ஸ்பல்ஸின் இருக்கை உயரம் 825 மி.மீ., ஹிமாலயனுடையது 800 மி.மீ. இரண்டுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம், தரை இடைவெளி 220 மி.மீ. இருக்கையில் 25 மி.மீ. குறைவதற்காக நீங்கள் சுமக்கப்போவது ஏறத்தாழ 35 கிலோ கூடுதல் எடை. எக்ஸ்பல்ஸ் சுமார் 160 கிலோ, 2019 ஹிமாலயன் சுமார் 195 கிலோ. சரளைக் கல்லில் வண்டி சாய்வது எல்லோருக்கும் நடக்கும். ஆளில்லாத சரிவில் விழுந்த வண்டியைத் தனியாக நிமிர்த்த வேண்டிய நேரத்தில், அந்த 35 கிலோதான் நீங்கள் வீடு திரும்புவதைத் தீர்மானிக்கும். மண் பாதையில் ஒரு காலின் முன்பாதம் ஊன்றினால் போதும். நிறுத்தும்போது மேட்டுப் பக்கக் காலை ஊன்றப் பழகுங்கள். ஆனால் எக்ஸ்பல்ஸின் 'புரோ' வகையை மட்டும் தொடாதீர்கள், அதன் இருக்கை 891 மி.மீ.

பிரேக்கும் ஒரு காரணம். 2019 ஹிமாலயனில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்க முடியாது; சரளையில் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்கத் தாமதமாகும். அந்த வசதி 2020இல் வந்த பி.எஸ்.6 (புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில்தான் சேர்ந்தது. எக்ஸ்பல்ஸில் ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டுமே என்பதால், சரளை இறக்கத்தில் பின்சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கும்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைப்பட வைப்பது அந்தக் கன்சல்டிங்காரர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் வார்த்தைதான்: "பெயர் மாற்றத்தை ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்." இது பொய். வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்த வண்டிக்கு அங்கே புதிய பதிவு எண் வாங்கத்தான் சட்டம் 12 மாதம் தருகிறது. வாங்கியவர் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க இருப்பது 30 நாள், காப்பீட்டை மாற்ற 14 நாள். முதல் உரிமையாளரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியை மூன்று நான்கு கை மாற்றுவது இவர்களின் வழக்கம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. ஆகவே யாரோ ஒரு பெங்களூர்க்காரர் உங்களுக்காக நீதிமன்றம் ஏறுவார். உங்கள் கையிலோ வண்டி உங்களுடையது என்பதற்கு ஒரு தாளும் இருக்காது. போதாததற்கு, கர்நாடகத்தின் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியையும் கட்ட வேண்டும். எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது என்று அறிவித்த பிறகும், அதே தாள்களை அச்சிட்டு வரிசையில் நிற்கச் சொல்லும் அலுவலகங்கள் இருக்கும் வரை, வாசலில் நிற்கும் தரகர்களுக்குப் பிழைப்பு குறையாது. இந்த அவலத்தைச் சரிசெய்ய வேண்டியவர்கள் ஏன் சரிசெய்யவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியுள்ள வண்டியை வாங்கவே கூடாது என்பேன். இதற்கு ஒரே விதிவிலக்கு உண்டு. விற்பவர் முதல் உரிமையாளராக இருக்க வேண்டும். அவரே உங்களோடு வங்கிக் கிளைக்கு வர வேண்டும். நீங்கள் தரும் பணம் அவர் கைக்குப் போகாமல் நேரே கடன் கணக்கில் சேர வேண்டும். கடன் முடிந்த சான்றும் ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்க வங்கி கையொப்பமிட்ட படிவம் 35உம் உங்கள் கைக்கு வந்த பிறகே மிச்சத் தொகையைக் கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலகிவிடுங்கள். "கடன் முடிந்துவிட்டது, தாள் மட்டும் வரவில்லை" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

எக்ஸ்பல்ஸை எடுத்தால், அதன் ஸ்போக் சக்கரங்களில் டியூப் இருப்பதால், மாற்று டியூப், டயர் கழற்றும் லீவர், சிறிய பம்ப் மூன்றையும் வண்டியோடு வைத்து, வீட்டு வாசலிலேயே ஒருமுறை டியூப் மாற்றிப் பழகுங்கள். காட்டுக்குள் பிரியும் தடங்களில் வனத்துறை அனுமதியின்றி இறங்காதீர்கள். கன்சல்டிங்காரரிடம் முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஆர்.சி.யில் பெயருள்ள உரிமையாளரை நேரில் அழைத்து வரும்படி இன்றே கேளுங்கள். அழைத்து வர மறுத்தால் பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.