அன்ஜுவும் மறுநாள் காலையும்

கேள்வி: கொரியத் தொடர்களில் சோஜு என்ற மதுவைக் குடிக்க உட்கார்ந்தால் மேஜை நிறையச் சாப்பாடு வருகிறது. நம் ஆட்களோ ஒரு ஊறுகாய் பாக்கெட்டை வைத்துக்கொண்டு முழு பாட்டிலை முடிக்கிறார்கள். கொரியர்கள் விடிய விடியக் குடித்தும் மறுநாள் ஜம்மென்று வேலைக்குப் போவது அந்தச் சாப்பாட்டால்தான் என்கிறேன். மனைவி ஒத்துக்கொள்ள மறுக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், தேனி

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

ஜம்மென்று போவதைப் பார்த்தீர்கள். மறுநாள் காலை தலையைப் பிடித்தபடி ஒரு கிண்ணம் சூப்பின் முன் உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் காட்சியை ஓட்டிவிட்டீர்களா? அதன் பெயர் ஹேஜாங்குக். குடிமயக்கம் தெளிவிக்கும் சூப் என்றே பொருள். மாட்டெலும்புச் சாற்றில் முட்டைக்கோஸ் இலை, உறைந்த மாட்டு ரத்தம் எல்லாம் போடுவார்கள் (ரத்தப் பொரியல் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்). ஜொன்ஜு நகரத்தில் முளைவிட்ட சோயாவும் சாதமும் போட்டு ஒரு வகை. முதல்நாள் சாப்பாடு காப்பாற்றியிருந்தால் இத்தனை சூப் கடைகளுக்கு என்ன வேலை?

நீங்கள் பார்த்த சாப்பாட்டின் பொதுப்பெயர் அன்ஜு. அந்தச் சொல்லை உருவாக்கிய சீன எழுத்துகளுக்கு 'மதுவை அடக்குவது' என்று பொருள். பெயர் பெத்த பெயர்தான். வயிற்றில் சாப்பாடு இருந்தால் சாராயம் சிறுகுடலுக்குள் மெதுவாக இறங்கும், போதை தாமதமாக ஏறும். அவ்வளவே. குடித்ததையெல்லாம் ஈரல்தான் பார்த்தாக வேண்டும். போதாததற்கு அன்ஜு பெரும்பாலும் உப்பும் காரமுமாக இருக்கும். எலும்பில்லாத கோழிக்கால் பாதத்தை மிளகாய் விழுதில் புரட்டிச் சுட்ட தக்பலை ஒரு வாய் போட்டால் கை தானாக கிளாஸைத் தேடும். கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

உங்கள் ஊறுகாய்க்காரர்களிடம் இல்லாத ஒன்று அங்கே உண்டு. அது ஜோடிப் பொருத்தம். சோஜுவுக்குச் சுட்ட பன்றி வயிற்றுக்கறி. பீருக்குப் பொரித்த கோழி. இரண்டின் பெயரையும் ஒட்டவைத்துச் 'சிமேக்' என்கிறார்கள். சியோலில் உல்ஜிரோ பக்கம் போனால் பீருக்கு நொகாரி, அதாவது காயவைத்துச் சுட்ட குட்டி பொலாக் மீன். மழை பெய்தால் மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளும், வெங்காயத்தாள் போட்ட பாஜொன் அடையும். எண்ணெயில் அடை பொரியும் ஓசை மழைச் சத்தம் மாதிரி இருப்பதால் அந்த ஆசை வருகிறதாம். ஜொன்ஜுவின் மக்கொல்லிக் கடைகளில் கெண்டிக்குத்தான் காசு. அடுத்த கெண்டி வாங்க வாங்கத் தட்டுகளும் கூடிக்கொண்டே போகும். அப்புறம் ஒரே கடையில் உட்கார்ந்துவிடுவதில்லை. முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று கடை மாறுவார்கள். கடைசிச் சுற்று சில சமயம் போஜாங்மாச்சா என்ற கூடாரக் கடையில், மீன் வடைச் சூப்போடு முடியும்.

'விடிய விடிய' என்பதும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பழைய வழக்கமில்லை. 1982 ஜனவரி வரை நாட்டின் பெரும்பகுதியில் நள்ளிரவு முதல் காலை 4 மணி வரை ஊரடங்கு இருந்தது. சோஜுவும் அன்றைய சோஜு இல்லை. 1924-இல் 35 சதவீத ஆல்கஹாலோடு விற்ற சரக்கு இன்று 16-ஐ ஒட்டி நிற்கிறது. அவர்கள் தாக்குப்பிடிப்பதில் பாதிப் பெருமை அந்தத் தண்ணீருக்குப் போக வேண்டும்.

வாதத்தில் தோற்றதற்கு ஒரு மழை நாளில் பாஜொனை நீங்களே சுட்டு மனைவிக்குக் கொடுங்கள். மாவும் வெங்காயத்தாளும் தாராளமாக எண்ணெயும் போதும். டீயோடும் நன்றாகவே இருக்கும்.