வடிநீர் பழுப்பாக இறங்கினால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை ஆய்வேட்டுக்காக, மெத்தனால் ஆக்சிஜனேற்றத்துக்கு 20 சதவீத பிளாட்டினம்-கார்பன் வினையூக்கி (கார்பன் பொடிமேல் பிளாட்டினம் நானோ துகள்கள்) தயாரித்தேன். எத்திலீன் கிளைக்காலில் குளோரோபிளாட்டினிக் அமிலம், வல்கன் என்ற கார்பன் பொடி, சோடியம் ஹைட்ராக்சைடு, துகள்கள் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் பிவிபி என்ற பாலிமர். 140 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தேன். வடிகட்டியபோது நீர் பழுப்பாக இறங்கியது. நுண்ணோக்கியில் துகள்கள் 3 நானோமீட்டர்தான். ஆனால் சிவியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை), பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் ஒட்டி விலகுவதைக் காட்டும் ஹைட்ரஜன் மேடுகளே இல்லை, மெத்தனால் மின்னோட்டமும் மிகக் குறைவு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் வரும் மெத்தனால் உச்சங்களின் (முன்னோக்கு-பின்னோக்கு) விகிதம் மட்டும் 1.4 வருகிறது. அதை வைத்து வினையூக்கி நல்லது என்று எழுதலாமா? ஒப்பீட்டு மின்முனை வெள்ளி-வெள்ளிக் குளோரைடு.

க.

அன்புள்ள க.,

வடிநீர் பழுப்பாக இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. கரைசலில் பிளாட்டினம் துகள்கள் உருவாகிவிட்டன. கார்பனில் போய் உட்காரவில்லை. காரத்தில் கிளைக்கால் ஆக்சிஜனேற்றமடைந்து கிளைக்கோலேட் அயனியாகிறது. அது துகள்மேல் ஒட்டி எதிர்மின்னேற்றம் கொடுக்கிறது. அந்த பிஎச்சில் கார்பனின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால் இரண்டும் விலகுகின்றன. துகள் சிறிதாக அமைவதற்குக் காரம் வேண்டும்; அது படிவதற்கு அமிலம் வேண்டும். இரண்டாவது படியை நீங்கள் செய்யவில்லை.

அளவுகளைச் சொல்கிறேன். குளோரோபிளாட்டினிக் அமில ஹெக்சாஹைட்ரேட்டில் பிளாட்டினம் 37.7 சதவீதம். 80 மில்லிகிராம் கார்பனுக்கு 20 மில்லிகிராம் பிளாட்டினம் தேவை. அதற்கு உப்பு 53 மில்லிகிராம். இந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும், தட்டில் வைத்திருக்கும்போதே எடை ஏறும். ஆகவே ஒரு பாட்டிலை மொத்தமாகக் கரைத்து வைத்து, கன அளவில் எடுங்கள். உலோகக் கரண்டி கூடாது. அதிலேயே பிளாட்டினம் படியும். தூளை முகரவும் கூடாது, இந்த உப்புகள் ஆஸ்துமா தரக்கூடியவை.

50 மில்லிலிட்டர் கிளைக்காலில் கார்பனை அல்ட்ராசோனிக்கில் நன்கு கலைத்து, உப்புக் கரைசலை விட்டு, கிளைக்காலிலேயே கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பிஎச்சை 12க்குக் கொண்டுவாருங்கள். நைட்ரஜனில் 140 டிகிரி, மூன்று மணி நேரம். ஆறியபின் அதே அளவு நீர் சேர்த்து, நீர்த்த கந்தக அமிலத்தால் பிஎச்சை 3க்கு இறக்கி இரவு முழுக்கக் கலக்குங்கள். கிளைக்கோலேட் மின்னேற்றமில்லாத கிளைக்காலிக் அமிலமாகி விலகும், துகள் கார்பனைப் பிடித்துக்கொள்ளும். காலையில் கலக்கியை நிறுத்தினால் கரும்பொடி கீழே இறங்கி, மேலே நீர் தண்ணீர்போல் தெளிந்திருக்க வேண்டும். தேநீர் நிறம் தெரிந்தால் வடிகட்டாதீர்கள், பிஎச்சைத் திரும்பப் பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே போதுமான குளோரைடு இருக்கிறது. வடிநீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மை படராத வரை வெந்நீரில் கழுவுங்கள். பிறகு வெற்றிடத்தில் 80 டிகிரியில் உலர்த்தலாம்.

பிவிபியை விட்டுவிடுங்கள். கிளைக்கோலேட்டே அந்த வேலையைச் செய்கிறது. பிவிபி கழுவினால் எளிதில் போகாது, சூடாக்கி எரித்தால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். நுண்ணோக்கியில் அழகாகத் தெரியும் 3 நானோமீட்டர் துகள், மெத்தனால் தொட இடமில்லாமல் மூடிக்கிடப்பது இதனால்தான். உங்கள் ஹைட்ரஜன் மேடுகள் காணாமல் போனதற்கு இதுவும் படியாமல் போன பிளாட்டினமும் சேர்ந்து காரணம்.

மின்முனையில் பூசும் வினையூக்கி மை தயாரிக்கும்போது முதலில் பொடியை நீரால் நனையுங்கள். உலர்ந்த பொடிமேல் ஐசோபுரோப்பனாலை ஊற்றினால் தீப்பற்றக்கூடும். இது ஆய்வகங்களில் உண்மையிலேயே நடப்பது. 5 மில்லிகிராம் பொடிக்கு 2 மில்லிலிட்டர் நீர், அரை மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனால், 5 சதவீத நஃபியான் (பொடியைப் பிடித்துவைக்கும் பாலிமர்) கரைசல் 20 மைக்ரோலிட்டர். பனிக்கட்டித் தொட்டியில் அரை மணி நேரம் அல்ட்ராசோனிக். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளாசி கார்பன் மின்முனையில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் பிளாட்டினம் 4 மைக்ரோகிராம். பீக்கரைக் கவிழ்த்து மூடி மெல்ல உலரவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் வளையமாகக் கட்டிக்கொள்ளும்.

முதலில் மெத்தனால் இல்லாமல் 0.5 மோலார் கந்தக அமிலத்தில் சுழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கிராமுக்கு 70 சதுர மீட்டர் பரப்பு கிடைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலோம் என்ற கணக்கில் இந்த 4 மைக்ரோகிராம் ஹைட்ரஜன் மேடுகளில் சுமார் 590 மைக்ரோகூலோம் மின்னூட்டம் தர வேண்டும். அது வராமல் மெத்தனாலை ஊற்றிப் பயனில்லை. வெள்ளிக் குளோரைடு மின்முனையிலிருந்து குளோரைடு கசிந்து பிளாட்டினத்தில் ஒட்டும். பாதரச-சல்பேட் மின்முனைக்கு மாறுங்கள்.

1.4 பற்றி: எழுதாதீர்கள். பின்னோக்கு உச்சம் தேங்கிய கார்பன் மோனாக்சைடு எரிவது என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். திரும்பும்போது பிளாட்டினத்தின் ஆக்சைடு ஒடுங்கி, வெளிப்பட்ட பரப்பில் புதிய மெத்தனால் எரிவதே அது என்று 2012இல் வந்த ஆய்வு காட்டிவிட்டது. அந்த விகிதம் கார்பன் மோனாக்சைடு நச்சைத் தாங்கும் திறனை அளக்காது. 0.6 வோல்ட்டில், ஆர்எச்இ (மீள் ஹைட்ரஜன் மின்முனை) அளவில், ஒரு மணி நேரம் பிடித்து மின்னோட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று கொடுங்கள்.

பழுப்பு வடிநீரை வைத்திருக்கிறீர்களா? கொட்டிவிடாதீர்கள், உங்கள் பிளாட்டினத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. மீட்புக்கான பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.