பூண்டுக் காசு வரும் மாதம்: மலையூர் மகளிர் குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கொடைக்கானல் மேல்மலையிலும் கீழ்மலையிலும் மகளிர் சுயஉதவிக் குழு நடத்துபவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். குழு ஒன்றின் ஊக்குநராகவும், பிறகு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கணக்கு எழுதுபவளாகவும் இருந்த அனுபவத்தில் எழுதுவதால், சில இடங்களில் கண்டிப்பு கூடுதலாகத் தெரியலாம்.

கேள்வி (கீழ்மலை, பளியர் குடியிருப்பு ஒன்றிலிருந்து): எங்கள் குடியிருப்பில் ஏழு பெண்கள்தாம் சேர முன்வருகிறார்கள். பன்னிரண்டு பேர் இல்லாமல் குழு தொடங்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

பொதுவான விதி பத்து முதல் இருபது பேர் வரை என்பதாகும். ஆனால் தொலைதூரப் பழங்குடிப் பகுதிகளிலும், எளிதில் சென்றடைய முடியாத இடங்களிலும், மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து அமைக்கும் குழுக்களிலும் ஐந்து பேர் இருந்தாலே போதும். எண்ணிக்கையை நிரப்புவதற்காக வேறு ஊரிலிருந்து பெயருக்கு ஆள் சேர்க்காதீர்கள். கூட்டத்திற்கு வராத அந்தப் பெயர்தான் பின்னாளில் தவணை கட்டாத பெயராகவும் மாறும்.

கேள்வி (மன்னவனூர்): வங்கிக்குச் சென்று வர ஒரு பகல் போய்விடுகிறது. அதனால் சேமிப்புப் பணத்தைத் தலைவி வீட்டில் வைத்திருக்கிறோம். தவறா?

தலைவி நேர்மையானவராக இருந்தாலும் தவறுதான், ஏனென்றால் வீட்டில் இருக்கும் பணத்தை வீட்டில் உள்ள எல்லோரும் அறிவார்கள். கூட்டத்தில் வசூலான பணத்தை அந்தக் கூட்டத்திலேயே உள்கடனாக, அதாவது குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடனாக, கொடுத்துவிடுங்கள். மீதம் இருந்தால், யாரிடம் எவ்வளவு கொடுக்கப்பட்டது, எந்தத் தேதிக்குள் அவர் வங்கியில் செலுத்த வேண்டும் என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்த பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

படிப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் ஊக்குநராக இருந்த குழுவிலேயே பதிவேட்டை ஒருவரே எழுதி, ஒருவரே வைத்துக்கொண்டு, மற்றவர்கள் மடித்த பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெண் திருடவில்லை. ஆனால் இரண்டு பேர் கட்டிய தவணை மூன்றாம் ஒருவர் பெயரில் ஏறியிருந்ததை எட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை, கவனித்தபோது குழுவில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்தார்கள். அதற்கு நானும் பொறுப்பாளிதான்.

கேள்வி (தாண்டிக்குடி): பத்தாயிரம் ரூபாய் உள்கடனுக்கு இரண்டு வட்டி என்று முடிவு செய்தோம். பத்து மாதத்தில் இரண்டாயிரம் வட்டி வாங்குவது சரியா?

சரியில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் அசல் திரும்பி வரும்போது, மீதி இருக்கும் அசலுக்கு மட்டுமே வட்டி போட வேண்டும். முதல் மாதம் 200, அடுத்து 180, அடுத்து 160 என்று இறங்கிக் கடைசி மாதம் 20 ஆகும். மொத்தம் 1,100 ரூபாய். நீங்கள் 900 ரூபாய் அதிகமாக வாங்கியிருக்கிறீர்கள், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியில் வட்டிக்கு விடுபவர்கள் செய்யும் கணக்கை நாமும் செய்தால் குழு எதற்கு?

கேள்வி (பூம்பாறை): எங்கள் குழுவில் 15 பேர், மாதம் 200 ரூபாய் சேமிப்பு, ஆறு மாதம் முடிந்துவிட்டது. வங்கிக் கடன் எவ்வளவு கிடைக்கும்? பூண்டு எடுத்தால்தான் எங்கள் கையில் காசு. மாதத் தவணை எப்படிக் கட்டுவது?

உங்கள் சேமிப்பு 18,000 ரூபாய். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் முதல் கடன், குழு நிதியின் ஆறு மடங்கு அல்லது ஒன்றரை லட்சம், இவற்றில் எது அதிகமோ அது. ஆறு மடங்கு என்றால் 1,08,000தான் வருகிறது, ஆகவே ஒன்றரை லட்சம் கேட்கலாம். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு ஆகிய ஐந்தும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வங்கி தரமதிப்பீடு செய்யும். கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கவோ, உங்கள் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இரண்டாவது கேள்விதான் மலைக்காரர்களின் உண்மையான கேள்வி. மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான், ஆனால் விதைப்பூண்டுக்கும் உரத்திற்கும் பணம் போட்டு நான்கு மாதம் காத்திருக்கும் வீட்டில் அந்தப் பெருமையை வைத்துத் தவணை கட்ட முடியாது. தவணைத் தேதி நெருக்கும்போது, பந்தலில் கட்டிக் காயவைத்து விலை பார்த்து விற்க வேண்டிய பூண்டை, எல்லோரும் அறுவடை செய்யும் அதே வாரத்தில் வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பிக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

ஆகவே, தவணைக் கடன் கேட்காமல் ரொக்கக் கடன் வரம்பு கேளுங்கள். குழுக்கள் இந்த இரண்டில் எதையும் கேட்கலாம். வரம்புக் கணக்கில் தேவைப்படும்போது எடுத்து, காசு வரும்போது செலுத்தலாம். எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. ஆனாலும் மாதம் ஒரு முறையாவது கணக்கில் பணம் செலுத்த வேண்டும், அது வங்கி பற்று வைத்த வட்டிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாதச் சேமிப்பும், கூலி வேலைக்குச் செல்லும் உறுப்பினர்களின் சிறு தவணைகளும் இந்த வட்டிக்குப் போதும். பூண்டுக்காரர்கள் அசலை அறுவடைக்குப் பிறகு கட்டட்டும். இதற்காகவே, பதினைந்து பேரும் பூண்டுக்காக மட்டும் கடன் வாங்காமல், இரண்டு மூன்று பேராவது கறவை மாட்டிற்கோ கடைக்கோ வாங்கியிருப்பது நல்லது.

கேள்வி (பண்ணைக்காடு): சீட்டுப் பிடிப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. சீட்டில் ஒருவர் முன்னின்று நடத்தித் தமக்குக் கழிவு எடுத்துக்கொள்கிறார். குழுவில் வட்டி முழுவதும் உறுப்பினர்களின் பொது நிதியில் சேர்கிறது. சீட்டு போட்டே ஆக வேண்டுமென்றால், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வாரத் தவணைக் கம்பெனியில் மூன்று இடத்தில் கடன் வாங்கிவிட்டேன். குழுவில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சொல்லுங்கள். உங்களைப் போல மூன்று பேர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் (இந்த வாரத் தவணைக் கம்பெனிகள் தருவது போன்ற சிறுகடன்) கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் வாங்கக் கூடாது. வட்டி அதிகமான கடன் எது என்று கண்டுபிடித்து, அதை முதலில் அடைப்பதற்குக் குழுவில் உள்கடன் கேளுங்கள். ஆனால் அடைத்த பிறகு அதே கம்பெனியில் மறுபடியும் கையெழுத்துப் போடுவதில்லை என்ற உறுதியைக் குழு உங்களிடம் கேட்டால் அதற்காக வருத்தப்படாதீர்கள்.

கேள்வி (பெரும்பாறை): காப்பிப் பழம் எடுக்கும் மாதங்களில் கூட்டத்திற்கு யாரும் வருவதில்லை. அபராதம் போடலாமா?

வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணிடம் பத்து ரூபாய் அபராதம் வாங்கி என்ன பயன்? கார்த்திகை தொடங்கும் முன்பே ஒரு தீர்மானம் எழுதி, பறிப்பு முடியும்வரை கூட்டத்தை எல்லோருக்கும் வேலை இல்லாத நாளுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் வராதவர்களுக்கு அபராதம் போடுங்கள், ஊக்குநர் உட்பட.