வட ஸ்பெயின் கிராமங்களுக்கு வர நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

அஸ்தூரியாஸ் மாநிலத்தின் கடற்கரை நகரமான ஹிஹோனில் குடியிருக்கிறேன். வட ஸ்பெயினின் மீனவ ஊர்களையும் மலைக் கிராமங்களையும் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மாட்ரிட், பார்சிலோனா பார்த்தாயிற்று. இந்த முறை வடக்கே பத்து நாள். பில்பாவில் இறங்கி சாந்தியாகோ வரைக்கும் கடலோரமாகவே போய் எல்லா ஊரையும் பார்த்துவிடலாமா?

போய்விடலாம். ஏறக்குறைய 600 கிலோமீட்டர், ஏ-8 நெடுஞ்சாலை அருமையான சாலை. ஆனால் தினம் ஒரு ஊரில் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் கிராமம் கண்ணில் படாது. காலை ஒன்பது மணிக்கு ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும். ஆள் இல்லாத வீட்டுக் கதவில் தொங்கும் துணிப்பையில் ரொட்டியைப் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாம் நாள் அதே வண்டிக்காரர் உங்களைப் பார்த்துக் கையசைப்பார். அதற்கு ஒரே ஊரில் நாலு நாளாவது தங்க வேண்டும்.

என் யோசனை: இரண்டே இடத்தில் தங்குங்கள். முதலாவது, அஸ்தூரியாஸின் கிழக்கே யானெஸ் அல்லது ரிபதேசேயா பக்கம். கடலிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் 2,600 மீட்டரைத் தாண்டிய பீக்கோஸ் தே எவ்ரோப்பா மலைகள். காலையில் மலை, மாலையில் கடற்கரை என்று சிரமமில்லாமல் போய்வரலாம். இரண்டாவது இடம் உங்கள் விருப்பம்: பாஸ்க் நாட்டின் கெத்தாரியா, லெக்கெய்த்தியோ பக்கமோ, கலீசியாவின் மேற்குக் கரையோ. இரண்டையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் வருவது? எப்போதும் மழை என்கிறார்களே.

அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கந்தாப்ரிய மலைத்தொடரில் மோதி இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. தெற்கே காய்ந்து கிடக்க, இங்கே ஆண்டு முழுக்கப் பச்சையாக இருப்பது அதனால்தான். மழை வேண்டாம், பச்சை மட்டும் வேண்டும் என்றால் நடக்காது. மே கடைசி, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல காலம். ஆகஸ்டில் ஸ்பெயின்காரர்களே வெயிலுக்குத் தப்பி இங்கே வருவதால் அறை வாடகை ஏறும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. கோடையிலும் பகலில் பெரும்பாலும் 25 பாகையைத் தாண்டாது. குடை காற்றில் மடங்கிவிடும், மழைக்கோட்டு கொண்டுவாருங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். குழந்தைகளும் உண்டு. கிராமத்தில் பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

பட்டினி இல்லை, ஆனால் முன்யோசனை வேண்டும். மாமிசம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. இங்கே பலருக்கு ஹாம் என்ற உப்பிட்ட பன்றித் தொடை மாமிசக் கணக்கில் வராது, சூரை மீன் போட்ட சாலடும் சைவம்தான். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் அதூன்." மாமிசம், ஹாம், மீன், சூரை எதுவும் வேண்டாம் என்று பொருள். குரோக்கெத்தாஸ் என்ற பொரித்த உருண்டைக்குள் பெரும்பாலும் ஹாம் இருக்கும். அஸ்தூரியாஸின் பேர்பெற்ற ஃபபாதா, பெரிய வெள்ளை மொச்சையைப் பன்றி இறைச்சியோடும் ரத்தத் தொத்திறைச்சியோடும் ஒரே பானையில் மணிக்கணக்கில் வேகவைப்பது. அதில் இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள்.

சாப்பிட என்ன இருக்கிறது? முட்டை சேர்ப்பவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட தடித்த ஆம்லெட்டான தொர்த்தியா எங்கேயும் கிடைக்கும். சோள மாவில் தட்டிப் பொரித்த தொர்த்தோஸ், எண்ணெயில் வதக்கி உப்புத் தூவிய பாத்ரோன் குட்டி மிளகாய், பாலாடைக்கட்டி வகைகள். ஒரு எச்சரிக்கை: இங்குள்ள பாரம்பரியக் கட்டிகளில் பெரும்பாலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள்தான் சேர்ப்பார்கள். அதையும் தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கு அர்ரோஸ் கோன் லெச்சே வாங்கிக் கொடுங்கள். நம் பால் பாயசத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சி, மேலே சர்க்கரையைத் தூவிச் சூட்டுக்கோலால் கருக்கியதுபோல் இருக்கும்.

உங்களுக்கு ஓட்டலைவிட சமையலறை உள்ள கிராமத்து வீடுதான் சரி. காசா தே அல்தேயா என்ற பெயரில் தேடுங்கள். பருப்பு, அரிசி, காய்கறி சின்ன ஊர்க் கடையிலும் உண்டு. காங்காஸ் தே ஓனிஸில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும். மசாலாப் பொடி கொண்டுவரலாம். நெய், பால்கோவா வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்களைக் கொண்டுவர அனுமதி இல்லை.

நேரம் இன்னொரு விஷயம். மதியச் சாப்பாடு இரண்டு மணி சுமாருக்குத் தொடங்கி நாலு மணிக்குள் முடியும். இரவு ஒன்பதுக்கு முன் சமையலறை திறக்காத ஊர்கள் நிறைய. மாலை ஆறு மணிக்குப் பசித்த குழந்தையோடு நின்றால் சிப்ஸ்தான் கிடைக்கும்.

கேள்வி: கனடாவில இருந்து வாறம் அக்கா. வாகனம் எடுக்காமல் ரயிலிலயே சுற்றலாமோ?

நேரம் இருந்தால் தாராளமாக. பில்பாவிலிருந்து சாந்தாந்தேர், ஓவியேதோ வழியாக ஃபெரோல் வரை மீட்டர் பாதை ரயில் ஓடுகிறது. ஃபேவே என்பது பழைய பெயர், இப்போது ஸ்பெயின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபேயின் கையில். யானெஸ், ரிபதேசேயா, லுவார்கா, ரிபதேயோ எல்லாம் அந்தப் பாதையில்தான். மெதுவான ரயில்: சாந்தாந்தேரிலிருந்து ஓவியேதோவுக்கே ஐந்து மணி நேரம் போல ஆகும். நாளுக்குச் சில வண்டிகள்தான், அதனால் திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள். அவசரத்துக்கு ஆல்சா பேருந்து வேகமானது.

மலைக் கிராமங்களுக்குக் கார் இல்லாமல் போவது கஷ்டம். இந்திய உரிமம் உள்ளவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் ஊரிலேயே எடுத்து வர வேண்டும். கனடா உரிமத்தோடும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எடுத்தால் சின்னதாக எடுங்கள். கிராமத்துச் சந்துகளில் இரண்டு பக்கமும் கல்சுவர்.

கேள்வி: அப்பா நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருந்தவர். அவரோடு வருகிறேன். வேடிக்கைக்கான துறைமுகம் இல்லாமல், உண்மையிலேயே மீன் பிடிக்கிற ஊரைக் காட்ட வேண்டும்.

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. இந்த ஊர்களின் அழகெல்லாம் மீன்பிடித் தொழில் கட்டிவைத்தது. அதைப் பார்க்காமல் வண்ண வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம்.

அஸ்தூரியாஸ் கடற்கரையின் குடியேரோவில் தொடங்குங்கள். மலைமடிப்புக்குள் துறைமுகம், அதைச் சுற்றிப் படிப்படியாக வீடுகள். அங்கே சிறிய சுறா வகை ஒன்றைத் தோலுரித்து, வீட்டு முகப்பில் தொங்கவிட்டுக் கடல்காற்றில் காயவைக்கும் வழக்கம் உண்டு. குரதீயோ என்பார்கள். அசல் சுறாக் கருவாடு. ஊறவைத்துக் குழம்பாகச் சமைப்பார்கள். இப்போது சில வீடுகளில்தான் தொங்குகிறது. அப்பா கண்ணில் அது முதலில் பட்டுவிடும்.

அடுத்தது ஏலம். அஸ்தூரியாஸில் மீன் ஏலக் கூடத்தை ரூலா என்பார்கள். நம் ஊரில் விலை ஏறிக்கொண்டே போகும், இங்கே மேலிருந்து இறங்கும். திரையில் எண் குறைந்துகொண்டே வர, யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ பெட்டி அவருக்கு. பொறுமையும் துணிச்சலும் வேண்டிய விளையாட்டு. உள்ளே போக எல்லா இடத்திலும் விடமாட்டார்கள், வாசலில் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வந்தால் பொனிதோ பருவம். நீளத் துடுப்புள்ள சூரை. இந்தக் கரைப் படகுகள் இரண்டு பக்கமும் நீண்ட கழிகளை விரித்து, தூண்டில் கயிறுகளை இழுத்துக்கொண்டே போகும். உயிர் இரை போட்டுத் தூண்டிலில் பிடிக்கும் படகுகளும் உண்டு. மீனை ஒவ்வொன்றாக ஏற்றுவதால் உடல் நசுங்காது. விலைப்பலகையில் "தூண்டிலில் பிடித்தது" என்று பெருமையாக எழுதி வைத்திருப்பார்கள்.

ஒரு நாள் ஒதுக்கி, பக்கத்து மாநிலமான கந்தாப்ரியாவின் சாந்தோன்யாவுக்கும் போய்வாருங்கள். நம் நெத்திலியின் உறவுக்கார மீன் வசந்த காலத்தில் பிடிபடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிசிலியிலிருந்து உப்பு மீன் வியாபாரிகள் வந்து அதை வாங்க ஆரம்பித்தார்கள். முள்ளெடுத்த துண்டுகளை எண்ணெயில் அடைக்கும் முறை அவர்களில் ஒருவரான ஜியோவன்னி வெல்லாவின் பெயரில் சொல்லப்படுகிறது. மாதக்கணக்கில் உப்பில் பாரம் வைத்து ஊறிய மீனை இன்றும் பெண்களே கையால் தோல் தேய்த்து, முள் நீக்கி, டப்பாவில் அடுக்குகிறார்கள். டப்பாவின் விலையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கைகளின் வேலைக்குத்தான் கொடுக்கிறோம்.

கேள்வி: அல்தாமிரா குகை ஓவியங்களைப் பார்க்க முடியுமா?

அசல் குகை ஏறக்குறைய மூடியே இருக்கிறது. பக்கத்து அருங்காட்சியகத்தில் 2001இல் திறந்த நகல் குகையைப் பார்க்கலாம், நன்றாகச் செய்திருக்கிறார்கள். 1879இல் அந்தப் பகுதிக்காரரான சௌத்துவோலா என்பவர் குகைக்குள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்க, அவருடைய சின்ன மகள் மரியாதான் கூரையை நிமிர்ந்து பார்த்து மாடுகள் இருக்கின்றன என்றாள். அறிஞர்கள் நம்பவில்லை. அவர் 1888இல் இறந்து, பல ஆண்டு கழித்து 1902இல்தான் முக்கிய எதிர்ப்பாளரான பிரெஞ்சு அறிஞர் கார்த்தேயாக் தவற்றை ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஆனால் அசல் ஓவியம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் புவேந்தே வியெஸ்கோவின் எல் காஸ்தியோ குகைக்குப் போங்கள். அங்குள்ள ஒரு சிவப்பு வட்டத்துக்கு வயது குறைந்தது 40,800 ஆண்டு என்று 2012இல் கணித்தார்கள். ரிபதேசேயாவில் 1968இல் கண்டுபிடித்த தீத்தோ புஸ்தீயோ குகையில் குதிரைகள். அது குளிர்காலத்தில் மூடியிருக்கும். இரண்டுக்கும் சிறு குழுவாகவே விடுவார்கள், பல வாரம் முன்பே சீட்டு எடுங்கள்.

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரை மலைக்கு அழைத்துப்போகலாமா?

தாராளமாக. பீக்கோஸ் மலையில் ஃபுவேந்தே தே என்ற இடத்திலிருந்து கிளம்பும் கம்பிவட வண்டி 753 மீட்டர் உயரத்தை நாலு நிமிடத்துக்குள் ஏறிவிடும். மேலே கோடையிலும் குளிரும், கம்பளிச் சட்டை தேவை. போன்செபோஸிலிருந்து புல்னெஸ் கிராமத்துக்கு மலைக்குள் குடைந்த பாதையில் ரயில் போகிறது. 2001இல் அது வரும்வரை அந்த ஊர்க்காரர்களுக்கு நடைபாதை ஒன்றே வழி. இன்றும் கார் போகாது. கோவதோங்கா ஏரிகளுக்குக் கோடையில் சொந்த வண்டியை விடமாட்டார்கள், கீழே நிறுத்திவிட்டுப் பேருந்தில் போங்கள்.

போன்செபோஸுக்கும் காயினுக்கும் இடையிலான காரெஸ் மலை நடைபாதையை அவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஒரு பக்கம் மட்டும் 12 கிலோமீட்டர் அளவு. ஓரத்தில் கைப்பிடி கிடையாது, கீழே பள்ளத்தாக்கு.

கேள்வி: படங்களில் வீடுகளுக்குப் பக்கத்தில் கால் வைத்த மரக்கூடு ஒன்று தெரிகிறதே, அது என்ன?

ஓர்ரேயோ, அதாவது தானியக் களஞ்சியம். நாலு தூணின் தலையிலும் தட்டையான அகலக் கல் ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்கள். தூணில் ஏறிவரும் எலி அந்தக் கல்லுக்கு அடியில் தலைகீழாக நடக்க முடியாமல் நின்றுவிடும். மழை நாட்டில் தரையில் வைத்தால் சோளத்தில் பூஞ்சை பூத்துவிடும், உயரத்தில் காற்றோடு காயும். அஸ்தூரியாஸில் சதுரம், கலீசியாவில் நீண்டு ஒடுங்கியது. கடலையொட்டி வரிசையாக நிற்பதைப் பார்க்கக் கலீசியாவின் கொம்பாரோவுக்குப் போங்கள். அஸ்தூரியாஸின் உள்நாட்டில் எஸ்பினரேவு எனக்குப் பிடித்த ஊர். ஒவ்வொரு ஓர்ரேயோவும் யாரோ ஒருவரின் உடைமை, ஏறி உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம்.

கேள்வி: கேதட்ரல் கடற்கரை, காஸ்தெலுகாச்சே பாலம் இரண்டுக்கும் முன்பதிவு உண்டா?

உண்டு. ரிபதேயோ அருகிலுள்ள அந்தக் கடற்கரைக்குக் கோடையிலும் ஈஸ்டர் நாள்களிலும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் கடல் வற்றும் நேரம். வற்றினால்தான் பாறை வளைவுகளுக்குக் கீழே நடக்கலாம். ஏறினால் மணலே இருக்காது. தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். பாஸ்க் கரையை ஒட்டிய சிறு தீவான காஸ்தெலுகாச்சேயில், உச்சியிலுள்ள சிறு தேவாலயத்துக்கு 241 படி. கூட்டக் காலத்தில் இணையத்தில் இலவசச் சீட்டு எடுத்துவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: பல கிராமங்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவாமே? அங்கே நாம் போவது சரியா?

போங்கள், ஊருக்குப் பயன்படும்படி போங்கள். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பள்ளிகள் மூடிவிட்டன. அஸ்தூரியாஸின் தாராமுந்தியில் 1986இல் பழைய பாதிரியார் இல்லத்தைத் தங்குமிடமாக மாற்றினார்கள். ஸ்பெயினின் கிராமச் சுற்றுலா அங்கேதான் வேர்விட்டது. கத்தி செய்யும் பட்டறைகளும் தண்ணீரில் ஓடும் சம்மட்டியும் இன்றும் பார்க்கக் கிடைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நகரத்து சூப்பர்மார்க்கெட்டில் எல்லாம் வாங்கி டிக்கியில் அடைத்துக்கொண்டு வராதீர்கள். ஊர்க் கடையில் முட்டை வாங்குங்கள், அங்கேயே காபி குடியுங்கள். மேய்ச்சல் நிலத்தின் படல் கதவு மூடியிருந்தால் கடந்ததும் மூடிவிடுங்கள். டிராக்டர் போகும் வழியில் காரை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஊர்த் திருவிழா ஒன்றைப் பார்க்க வேண்டும். எது?

ஜூன் 29, புனித பேதுரு நாள், குடியேரோ. அன்று ஊர்க்காரர் ஒருவர் துறைமுகத்தில் நின்று, அந்த ஆண்டு ஊரில் நடந்ததையெல்லாம் உள்ளூர்ப் பேச்சுவழக்கில் செய்யுளாகப் பேதுருவிடம் முறையிடுவார். அமுராவேலா என்பார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கூட்டத்தின் சிரிப்பும் கைதட்டலும் உங்களைத் தொற்றிக்கொள்ளும். காரை ஊருக்கு மேலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்குங்கள். அந்த வாரத்துக்கு அறை வேண்டுமானால் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்; குடியேரோவில் இல்லையென்றால் லுவார்காவில் தேடுங்கள்.