அசெம்பிளி கோடில் ஸ்ட்ரிங்குகளைப் படிக்கிற மாதிரி எப்படி அடுக்குவது?

உங்கள் ஃபைலில் ஸ்ட்ரிங்குகளுக்கு, அதாவது திரையில் காட்டும் செய்திகளுக்கு, எம்எஸ்ஜி1, எம்எஸ்ஜி2 என்று வரிசையாக லேபிள் (அந்த நினைவக இடத்தின் பெயர்) இருக்கும், எது எந்தச் செய்தி என்று மேலே கீழே ஓடிக்கொண்டிருப்பீர்கள். என்னுடையதில் எம்எஸ்ஜி23 வரை போனது.

லினக்ஸில் நாஸ்ம் என்கிற அசெம்பிளர் (அசெம்பிளி கோடை இயந்திர மொழியாக மாற்றும் புரோகிராம்) வைத்து ஒரு சின்ன மெனு புரோகிராம். நீளத்தைக் கையால் எண்ணக்கூடாது என்பது தெரியும் ('வணக்கம்' கண்ணுக்கு 5 எழுத்து, யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டு முறையில் 21 பைட், அந்த அடி முன்பே வாங்கியாயிற்று), அதனால் ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஈக்யூ (ஒரு பெயருக்கு மதிப்பு கொடுக்கும் வரி) போட்டு, $-இலிருந்து லேபிளைக் கழித்துவிடுவேன், அதுதான் நீளம். $ என்றால் அசெம்பிளர் அந்த இடத்தில் நிற்கிற முகவரி. அப்புறம் ஒருநாள், ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, 'ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்ற செய்தியை வரவேற்புச் செய்திக்கும் அதன் ஈக்யூவுக்கும் நடுவில் செருகிவிட்டேன். அசெம்பிளர் வாயே திறக்கவில்லை. ஓடவிட்டால் வரவேற்பு வருகிறது, கூடவே ஃபைல் திறக்கவில்லை என்கிறது. இரண்டு ராத்திரி ஃபைல் திறக்கிற கோடையே நோண்டினேன். கடைசியில் எஸ்ட்ரேஸில் (புரோகிராம் லினக்ஸைக் கூப்பிடுவதைக் காட்டும் கருவி) பார்த்தால், ஈக்யூ இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டதால், ஒரே ரைட் அழைப்பில் இரண்டு செய்தியும் போகிறது, ஃபைல் பாட்டுக்கு நன்றாகத் திறந்திருக்கிறது!

இப்போது ஸ்ட்ரிங்கும் ஈக்யூவும் ஒட்டியே இருக்கும், அந்த ஜோடிக்குப் பிறகுதான் வெற்று வரி. எல்லாம் ரோடேட்டா (படிக்க மட்டுமான தரவு) பிரிவில். திரையில் ஒரு வரிக்கு ஒரு டிபி (பைட்டுகளை அப்படியே வைக்கச் சொல்வது) வரி, கடைசியில் புது வரிக்கான 10; நீளமான செய்தியை இப்படி வெட்டினாலும் நினைவகத்தில் தொடர்ச்சியாகத்தான் உட்காரும். லேபிளுக்கு எண் வேண்டாம், பிழை_திறப்பு என்கிற மாதிரி வேலையைச் சொல்லும் பெயர் போதும். நாஸ்முக்குப் பதில் குனூ அசெம்பிளர் என்றால், ஸ்ட்ரிங் வைக்கும் .ஆஸ்கி கடைசியில் முடிவைக் குறிக்கும் 0 சேர்க்காது, .ஆஸ்கிஇசட் சேர்க்கும், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மேக்ரோ (ஒரு பெயரைச் சொன்னால் அசெம்பிளரே பல வரிகளாக விரித்துக்கொள்வது) எழுதினால் இதெல்லாம் தேவையே இல்லை என்று கீழே யாராவது வருவார்கள். சரி, 200 ஸ்ட்ரிங் இருந்தால் நானும் எழுதுவேன். கேட்டவருக்கு அவ்வளவு இருக்கிற மாதிரி தெரியவில்லை.

இவ்வளவு அடுக்கிய ஃபைலை நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். பைனரி (அசெம்பிளர் உருவாக்கும், ஓடுகிற ஃபைல்) சைஸ் குறையுமே என்று கமெண்ட் அத்தனையையும் அழித்துத் திருப்பித் தந்தார். கமெண்ட் பைனரிக்குள் போகவே போகாது என்றேன். "இருந்தாலும்" என்றார்.