பனியூரில் மூன்றாவது குளிர்காலம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 31. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியில் பிறந்து வளர்ந்தவன். ஜப்பானில், நீகாதா மாநிலத்தின் மலைப்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், ஆங்கில உதவி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். ஒரு நடுநிலைப் பள்ளியும் இரண்டு தொடக்கப் பள்ளிகளும் என் பொறுப்பு. இது எனக்கு இங்கே மூன்றாவது குளிர்காலம்.

பனியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். நம் ஊர் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு படித்தால் என் நிலைமை விளங்காது. சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாங்கிக்கொண்டு, இங்குள்ள மலைகளில் மோதியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. இதே வட்டாரத்தைச் சேர்ந்த சுனானில் 2006 பிப்ரவரியில் 416 சென்டிமீட்டர் பனி தேங்கியதாக அளந்திருக்கிறார்கள். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் வந்தால், 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாய்ஷிமிசு சுரங்கத்துக்குள் நுழையும்வரை வானம் நீலமாக இருக்கும். மறுபுறம் வெளியே வந்ததும் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். டோக்கியோவில் இருக்கும் தமிழ் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "கொடுத்துவைத்தவன்" என்கிறார்கள்.

குடியிருப்பது பழைய மரவீடு. மண்ணெண்ணெய்க் கணப்பை அணைத்துவிட்டுப் படுத்தால், காலையில் அறைக்குள்ளேயே மூச்சு புகையாகத் தெரிகிறது. ஊரிலிருந்து என் அம்மா அனுப்பிய தேங்காய் எண்ணெய் அக்டோபரிலேயே கல்லாகிவிட்டது. தோசைமாவு மூன்று நாள் புளிக்காமல் கிடந்து, கொதாத்சு என்கிற சூடேற்றும் மேசையின் போர்வைக்குள் வைத்த பிறகுதான் பொங்கியது. இரவில் குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஒருநாள் மறந்ததற்கு இரண்டு நாள் தண்ணீரில்லாமல் இருந்தேன். விடியுமுன் வரும் நகராட்சி இயந்திரம் சாலையைச் சுத்தம் செய்து, அந்தப் பனியை என் வாசலில் இடுப்புயரச் சுவராகக் குவித்துவிட்டுப் போகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

பள்ளியிலும் நிம்மதி இல்லை. வகுப்பில் எனக்குரிய வேலை பாடத்திலுள்ள வாக்கியங்களை வாசிப்பது. மாணவர்கள் திரும்பச் சொல்வார்கள். ஒலிநாடாக் கருவிக்குச் சம்பளம் கொடுப்பது போலத்தான் இருக்கிறது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவன் நான். குளிர்கால விடுமுறையில் மாணவர்கள் இல்லாத பள்ளிக்கு வந்து ஆசிரியர் அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். நான் சாப்ஸ்டிக் பிடிப்பதை மூன்றாவது ஆண்டாகப் பாராட்டுகிறார்கள்; அதைத் தாண்டி ஒரு பேச்சும் இல்லை.

டிசம்பரில் நடந்ததுதான் என்னை மிகவும் பாதித்தது. எங்கள் தெருவில் சாலைக்கு அடியில் ஒரு கால்வாய் ஓடுகிறது. கம்பி மூடியைத் திறந்து பனியைக் கொட்டினால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு மாலை நான் கொட்டிக்கொண்டிருந்தபோது தெருக்கோடி வீட்டுப் பெரியவர் ஓடிவந்து, எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். ஒவ்வொரு பகுதிக்கும் கொட்டும் நேரம் உண்டாம். நேரம் தவறிக் கொட்டினால் கால்வாய் அடைத்துக் கீழ்த்தெரு வீடுகளில் தண்ணீர் ஏறுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? மூன்று ஆண்டுகள் ஒரு ஊரில் இருந்தும் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை என்றால் நான் இங்கே யார்?

இந்தத் தெருவில் பதினோரு வீடுகள். என்னைத் தவிர எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். மூன்று வாரங்களாக என் வாசலில் என் காலடித் தடத்தைத் தவிர வேறொரு தடத்தை நான் பார்க்கவில்லை. வீடு வீடாகக் கைமாறிச் செல்லும் கைரான்பான் என்ற சுற்றறிக்கை அட்டையைக்கூட இப்போது கையில் கொடுப்பதில்லை; கதவில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். (எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் முன்பெல்லாம் முள்ளங்கி ஊறுகாய், அவித்த பூசணி என்று ஏதாவது கொண்டுவந்து தட்டுவார். சென்ற குளிர்காலத்திலிருந்து, அவர் தட்டும்போது விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்துவிடுகிறேன். அவர் பேசுவது பாதி புரிவதில்லை. திருப்பிக் கொடுக்க என்னிடமும் ஒன்றுமில்லை. அவருடைய மூடிபோட்ட டப்பா ஒன்றுகூட நவம்பரிலிருந்து என் அலமாரியில் கிடக்கிறது. அது வேறு விஷயம்.) இரண்டொரு நாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது வாசலில் பனி வாரியிருந்தது. அது நகராட்சி இயந்திரத்தின் வேலையாக இருக்கலாம். மனிதர்கள் என்று யாரும் இல்லை.

பக்கத்து ஊரில், வெளிநாட்டினரை ஆசிரியர்களாக அழைத்துவரும் ஜெட் என்ற ஜப்பான் அரசுத் திட்டத்தில் வந்த ஓர் அமெரிக்க ஆசிரியர் இருந்தார். வாரம் ஒருமுறை சந்திப்போம். ஐந்தாண்டு வரம்பு முடிந்து சென்ற கோடையில் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் இரண்டு மணிவரை தூங்குகிறேன். அம்மா இரவு எட்டு மணிக்கு அழைத்தால் வகுப்பில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறேன்.

ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேனா இல்லையா என்று இம்மாத இறுதிக்குள் எழுதித்தர வேண்டும். மனிதர்களை நெருங்கவிடாத இந்தப் பனியூரில் இன்னோர் ஆண்டு இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா? தெளிவான பதில் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது எனக்கே குளிர் எடுத்தது. இரண்டாம் முறை அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதைத் தாண்ட முடியவில்லை. "அது வேறு விஷயம்" என்று அங்கே முடித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் விஷயம் என்று எனக்குப் பட்டது அது ஒன்றுதான்.

உங்களைத் தேடி யாரும் வரவில்லை என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒருவர் வந்தார். குளிரில், கையில் உணவோடு, ஒரு குளிர்காலம் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தார். நீங்கள் விளக்கை அணைத்தீர்கள்.

இதில் இன்னொன்றையும் நீங்கள் யோசித்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் ஆளில்லாதது போல் நம் ஊரில் நடித்துவிடலாம். பனி விழும் ஊரில் அது நடக்காது. உங்கள் வாசலில் உள்ளே போன தடம் இருக்கிறது, வெளியே வந்த தடம் இல்லை. ஒரு நிமிடத்துக்கு முன் எரிந்த விளக்கு, தட்டியதும் அணைகிறது. பிறந்தது முதல் பனியைப் படித்துப் பழகிய ஒரு கிழவிக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் அவர் திரும்பிப் போயிருக்கிறார். இனித் தட்டி உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று எண்ணியே சுற்றறிக்கை அட்டையைக் கதவில் மாட்டத் தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அட்டை பறந்து வந்து தொங்கவில்லை. யாரோ நடந்து வந்து மாட்டினார்கள். தடத்தை அடுத்த பனி மூடிவிட்டது.

வாசலை வாரியது நகராட்சி இயந்திரமாக இருக்கலாம் என்கிறீர்கள். அதே இயந்திரம் உங்கள் வாசலில் பனிச்சுவர் எழுப்பிவிட்டுப் போவதாக மூன்று பத்திக்கு முன்னால் நீங்களே குறைப்பட்டிருக்கிறீர்கள். சுவர் எழுப்பும் இயந்திரம் வாசலைப் பெருக்கிவிட்டுப் போகாது. யார் வாரினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கணக்குப்படி அந்தத் தெருவில் எழுபதைத் தாண்டாதவர் நீங்கள் ஒருவர் மட்டுமே. ஆகவே வாரியவர் எழுபதைத் தாண்டியவர். நீங்கள் குறிப்பிட்ட அதே 2006 குளிர்காலத்தில் ஜப்பான் முழுவதும் 152 பேர் பனியால் இறந்திருக்கிறார்கள் என்று படித்தேன். அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கூரையிலும் வாசலிலும் பனி அகற்றும்போது விழுந்தும் புதைந்தும் போனவர்கள். உங்கள் தெருவில் மற்ற பத்து வீட்டுக் கூரைகளில் ஏறிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று மூன்று குளிர்காலங்களில் ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்தீர்களா? கடுமையாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு யார் என்ன செய்யவில்லை என்ற பட்டியல் கடிதத்தில் நீளமாக இருக்கிறது. நீங்கள் யாருக்கு என்ன செய்தீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

கால்வாய் விவகாரத்தில் நான் அந்தப் பெரியவர் பக்கம்தான். எல்லோர் முன்னிலையிலும் கத்தியது தவறு. ஆனால் கீழ்த்தெரு வீட்டில் தண்ணீர் ஏறப்போகிறது என்றால் நானும் கத்தியிருப்பேன். யார் சொன்னார்கள் என்று கேட்கிறீர்கள். அப்படிப்பட்ட அறிவிப்புகளைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போவதுதான் அந்த அட்டையின் வேலை. அதை நீங்கள் படிக்க முடியாமல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். படித்துச் சொல்லக்கூடியவர் எதிர்வீட்டில் இருந்தார். அவர் தட்டியபோது வீடு இருட்டாக இருந்தது.

இனி உங்களை ஏன் இருட்டு இழுக்கிறது என்பதற்கு வருகிறேன். உங்களைத் திமிர் பிடித்தவர் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். மொழி கற்பிக்க வந்தவருக்கு எதிர்வீட்டுக்காரர் பேசுவது பாதிதான் புரிகிறது என்ற வெட்கம். வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் திருப்பித் தராமல் இருக்கிறோமே என்ற வெட்கம். முதுகலைப் பட்டத்தை எனக்கு நினைவூட்டியதும், ஒலிநாடா என்று உங்களையே சொல்லிக்கொண்டதும் இந்த வெட்கம்தான் என்று எனக்குப் படுகிறது. சிறியவராக உணரும் மனிதர் பிறர் அன்பைப் பெரிய கடனாகக் காண்கிறார். கடன் கொடுத்தவர் தெருவில் வந்தால் ஒளிந்துகொள்ளத் தோன்றுவது இயல்பு. ஆனால் எதிர்வீட்டு அம்மா ஊறுகாய் கொண்டுவந்தது கடன் கொடுக்க அல்ல. இளைஞர்கள் வெளியேறிவிட்ட தெருவில் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இளைஞன் குடிவந்திருக்கிறான். அவன் சாப்பிட்டானா என்று பார்க்க வந்திருக்கிறார். உங்கள் அம்மா அங்கே இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

அம்மா என்றதும் ஒன்று. இரவு எட்டு மணிக்கு வகுப்பில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இந்தியாவில் அப்போது மாலை நான்கரை. மகன் ஜப்பானில் இருக்கும் ஒரு தாய்க்கு அந்த மூன்றரை மணி நேரக் கணக்குத் தூக்கத்திலும் தெரியும். அவரும் எதிர்வீட்டு அம்மாவைப் போலவே வெளிச்சம் அணைந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார். இதனால்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. பனியிலிருந்து தப்பி நீங்கள் விருதுநகருக்குத் திரும்பலாம். கதவு தட்டப்படும்போது விளக்கை அணைக்கும் பழக்கம் உங்களோடு அதே விமானத்தில் வரும். தெருவில் நாலு வீட்டோடு பழகிப் பார்த்துவிட்டு, அதன்பின்னும் போக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள். இம்மாதக் கெடு போதவில்லை என்றால் இரண்டு வாரம் அவகாசம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் குற்றமில்லை.

பள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதில் நியாயம் உண்டு. மாணவர் இல்லாத பள்ளியில் நாள் முழுவதும் உட்கார வைப்பது யாரையும் வாட்டும். அதைப் பற்றி இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், அது காத்திருக்கும். ஆனால் பகல் இரண்டு மணிவரை நீளும் தூக்கத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். வெளிச்சம் குறைந்த மாதங்களில் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வு ஒன்று உண்டு. நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984இல் அதைத் தனி நோயாக விவரித்தார்கள். சூரியனைக் காணாத உங்கள் பக்கத்து மலைகளில் அது வருவதில் வியப்பில்லை. அதற்கு ஒளிச் சிகிச்சை உட்பட மருத்துவம் இருக்கிறது. ஒரு மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள். வாழ்வதிலேயே விருப்பமில்லை என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் அன்றே பாருங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். அதுவரை, மங்கலாக இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் தினமும் வெளியே இருங்கள். அதற்கு உங்களுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வாரப் பனி இருக்கிறது.

உங்கள் மாநிலத்திலேயே தக்காதா என்ற ஊரில் தெருவோரமாகக் கன்கி என்ற கூரைநடை இருக்கிறது. அந்த ஊரில் 1945இல் 377 சென்டிமீட்டர் பனி தேங்கியிருக்கிறது. அந்தக் கூரையை அரசு போடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் சொந்த மண்ணில் ஒரு துண்டை விட்டு, மேலே கூரையை நீட்டி, தெருவில் போகிறவர்கள் பனியில் நனையாமல் நடக்க வழி செய்திருக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணையைப் போலத்தான். நீங்கள் சொல்வது போல மனிதர்களை நெருங்கவிடாத பனி என்றால் அவர்களுக்கு அந்தக் கூரை எதற்கு? உங்கள் தெருவில் கூரைநடை இல்லாமல் இருக்கலாம். வாசல் வாரிவிடுகிற வழக்கம் இருப்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. அதில் சேர இலக்கணம் தேவையில்லை. தள்ளுவாரியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், மூன்று குளிர்காலங்களில் அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுங்கள். நம் வீடுகளில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். உங்கள் அம்மா சொல்லித்தந்திருப்பார். நெல் விளையும் அந்த ஊரில் அரிசிமாவுக்குப் பஞ்சமிருக்காது. நாலு முறுக்கு சுற்றத் தெரியவில்லை என்றால் இன்றிரவு எட்டு மணிக்கு அம்மாவை நீங்களே அழைத்துக் கேளுங்கள். ஞாயிறு காலை, முதலில் எதிர்வீட்டு வாசலை வாருங்கள்; பனியைக் கால்வாயில் கொட்டுவதற்கு முன் உங்கள் பகுதிக்குரிய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கதவைத் தட்டுங்கள். வயதானவர் எழுந்து வர நேரமாகும். நின்று காத்திருங்கள்.